கிட்டப் போனால் முகமே இல்லை!

தூர நின்று பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். கிட்டே வாருங்கள், இன்னும் கிட்டே! லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் இந்தப் படத்தை 1740 வாக்கில் ஓவியர் கானலெட்டோ வரைந்தார். இரண்டு கையையும் விரித்து நின்றால் எவ்வளவோ அவ்வளவு அகலம். அவ்வளவுக்கும் தண்ணீர், தண்ணீர் முழுக்கப் படகு. வெனிஸ் நகரம் கடலைக் கல்யாணம் செய்துகொள்ளும் நாள்!

அரண்மனைக் கரையோரம் பொன்னும் சிவப்புமாக நிற்பதுதான் புச்சிந்தோரோ கப்பல். அந்தக் காலத்தில் ஏசு விண்ணேறிய திருநாளன்று நகரத்தின் தலைவரான டோஜ் அதில் ஏறி, லீடோ தீவுப் பக்கம் போய், கடலில் மோதிரம் போடுவார். மேல்தளம் முழுக்கத் தங்கப்பூச்சு. கீழ்த்தளத்தில் 42 துடுப்பு, ஒவ்வொன்றுக்கும் நாலு பேர், ஆக 168 பேர். அலையைத் தாங்கும் கப்பல் இல்லை அது. காற்று பலமாக அடித்தால் விழாவையே தள்ளிவைத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் எங்கே நின்று வரைந்தார்? அதுதான் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எங்கேயும் நிற்கவில்லை! பார்வை கிளம்பும் இடம் நட்ட நடுத் தண்ணீர், அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே. ஊர் சுற்றி நோட்டுப் புத்தகத்தில் கட்டடங்களைக் கோட்டோவியமாக எடுத்துக்கொண்டு, நிறத்தின் பெயரைச் சுருக்கிப் பக்கத்திலேயே குறித்துக்கொள்வார். அப்படி ஒரு நோட்டு இன்றும் வெனிஸ் அக்காதேமியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிச்சம் எல்லாம் பட்டறையில். அவருடைய அப்பா நாடக மேடைக்குத் திரை எழுதியவர். மகன் தொழில் பழகியது அவரிடம்தான். இல்லாத இடத்தில் நின்று பார்க்கவைக்கும் வித்தை வேறெங்கிருந்து வரும்!

வானத்துக்குப் பெர்லினில் புதிதாகக் கண்டுபிடித்திருந்த பிரஷ்யன் நீலம். கட்டடத்துக்கு ஸ்கேல், காம்பஸ். ஈரச் சாயத்தின் மேலேயே கூரான முனையால் கோடு கீறுவார். ஆளே இல்லாத வெனிஸ் முதலில் தயாராகும். ஜனம் அப்புறம்தான் வரும். விழா நாளில் வருகிற மாதிரியே!

வந்தபின் கையின் வேகத்தைப் பாருங்கள். அலை என்பது வளைந்த சின்ன வெள்ளைக் கோடு, நூற்றுக்கணக்கில், கையெழுத்துப் போடும் அலட்சியத்தோடு. முகம் என்பது ஒரு சொட்டு. கொண்டோலாக்காரரின் சட்டைக்கை என்று நாம் நினைத்தது கெட்டியான வெள்ளைச் சாயத்தின் ஒரே இழுப்பு. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. இரண்டடி பின்னால் போங்கள்: அவர் துடுப்பில் சாய்ந்து பக்கத்துப் படகுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்!

எண்ணெய்ச் சாயம் வருஷம் ஆக ஆகக் கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஆகும். அதனால் கானலெட்டோ படங்களில் சில இடங்களில் ஆட்களின் உடம்பு வழியாகவே பின்னால் இருக்கும் சுவரின் கோடு தெரியும். இந்தப் படத்திலும் அப்படி ஒருவரைத் தேடித்தான் படகு படகாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.