கடைசல் பேனாவில் இருப்பது என்ன மரம்?

பிரிக்பீல்ட்ஸில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மருமகன் பழைய மரத்துண்டுகளைக் கடைசல் பிடித்துப் பேனா செய்கிறார். போன மாதம் எனக்கும் ஒன்று கொடுத்தார். செம்பழுப்பு நிறம், கண்ணாடி போல் மெருகு.

"இது செங்கால் மரம் தம்பி. பழைய சிலிப்பர் கட்டை. இதுமேல எத்தனை ரயில் ஓடியிருக்கும்!" என்றார் பெரியவர். மருமகனோ, இடித்த வீட்டில் எடுத்த கட்டை, என்ன மரமென்று தெரியாது என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை. கையில் பிடித்து எழுதுகிற மரத்துக்கு ஒரு பெயர் இருக்கத்தானே செய்யும்?

முதலில் நிறத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். குழம்பின் நிறத்தைப் பார்த்து உள்ளே இருப்பது துவரம்பருப்பா மைசூர்ப்பருப்பா என்று சொல்ல முடியாது. மரமும் அப்படித்தான். வெயில் பட்டால் மாறும், மெருகு பூசினால் மாறும், பத்து வருடம் கைபட்டாலும் மாறும்.

அடுத்து எடை. எந்த மரமானாலும் அதன் செல் சுவர்ப்பொருள் ஏறக்குறைய ஒரே கனம்தான், தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு. மரத்துக்கு மரம் மாறுவது உள்ளே அடைந்திருக்கும் காற்று. அரிசி மாவு ஒன்றுதான், ஆனால் இட்லி லேசு, கொழுக்கட்டை கனம். காய்ந்த ரப்பர் மரம் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 600 கிலோ. செங்கால் 915 முதல் 980 கிலோ வரை. ஆனால் பேனாவுக்குள் பித்தளைக் குழாய் இருக்கிறதே! அதனால் பேனாவை நிறுத்துப் பார்த்துப் பயனில்லை. கடைசல் பிடிக்கும் முன் அறுத்துப்போட்ட மிச்சத்துண்டைக் கேட்டு வாங்கினேன்.

துண்டு எதற்கு என்றால், வாழைத்தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் உரித்தால் வெறும் நார். குறுக்கே வட்டமாக நறுக்கினால்தான் உள்ளே எது எங்கே இருக்கிறதென்று தெரியும். பேனாவின் பக்கவாட்டில் தெரிவதெல்லாம் அந்த நார்க்கோடுகள். குறுக்குவெட்டு முகம் இரண்டு முனைகளிலும் உலோக வளையத்துக்குள் மறைந்துபோகிறது.

ஆகவே துண்டின் குறுக்குமுகத்தைப் புது பிளேடால் மெல்லச் சீவினேன். மழுங்கிய பிளேடு கூடாது, மொட்டைக் கத்தி தக்காளியை நசுக்குவதுபோல் எல்லாவற்றையும் நசுக்கிவிடும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மரத்தைக் கண்ணருகே கொண்டுவந்தேன்.

முதலில் கண்ணில் பட்டவை துளைகள். இடியாப்ப அச்சைத் திருப்பிப் பார்த்த மாதிரி. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து தண்ணீர் ஏறிய குழாய்கள் இவை. தேக்கில் ஆண்டு வளையம் தொடங்கும் இடத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். நம் மலேசியக் காட்டு மரங்கள் பலவற்றில் அப்படி வரிசை இல்லை, எங்கும் பரவலாக இருக்கும். என் துண்டிலும் அப்படியே. ஆக, தேக்கு இல்லை.

அடுத்தது, துளைகளைச் சுற்றியுள்ள வெளிர்நிறத் திசு. இது மரத்தின் அஞ்சறைப்பெட்டி. மாவுச்சத்தை இங்கே சேமிக்கும். ஒவ்வொரு மர வகையும் இதை ஒவ்வொரு கோலமாகப் போடும். ரப்பர் மரத்தில் மெல்லிய கோடுகளாக ஓடும். அதில் மாவுச்சத்து ஏராளம் என்பதால்தான் பூஞ்சையும் பூச்சியும் மொய்க்கின்றன. அறுத்தவுடன் போரான் மருந்தில் ஊறவைக்கிறார்கள். என் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். பால் ஓடுவது பட்டையில், கட்டையில் அல்ல. கத்தி கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அன்றைக்குத் திட்டும் விழும் என்பார். என் துண்டில் ரப்பர் மரத்தின் அந்த மெல்லிய கோடுகள் இல்லை.

செங்கால் என்றால் இன்னொரு அடையாளம் வேண்டும். அந்த மரம் குங்கிலியம் சுரக்கும். அந்தப் பிசின் ஓடும் நுண்குழாய்கள் குறுக்குவெட்டில் வெள்ளைப் புள்ளிகளாக, கோலத்துக்கு வைத்த புள்ளி வரிசை போல் நீளமாகத் தெரியும். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வரிசைகூட இல்லை. பெரியவரை நினைத்தபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் வேறொன்று இருந்தது. துளைகளைச் சுற்றிக் கண் வடிவத்தில் வெளிர் திசு. சில துளைகளுக்குள் மஞ்சள் தூளை அடைத்து வைத்ததுபோல் பளிச்சென்ற மஞ்சள். அது மெர்பாவ் மரத்தின் கையெழுத்து. 2019இல் மலேசியா தன் தேசிய மரமாக அறிவித்ததும் மெர்பாவைத்தான். வீட்டுத் தரைக்கும் மாடிப்படிக்கும் பேர்போன மரம் அது. இடித்த வீட்டில் கிடைத்ததென்றால் பொருந்துகிறது.

உறுதிக்காக இன்னொன்றும் செய்தேன். துண்டை நனைத்து, மேலே ஓர் இரும்பாணியை வைத்தேன். மறுநாள் காலையில் அந்த இடம் கருநீலம். இரும்புக் கத்தியால் வாழைக்காய் நறுக்கினால் கறுக்கிறதே, அதே வேலைதான். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுக்கின்றன. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து முன்னோர் எழுதும் மை காய்ச்சியதும் இப்படித்தான். ஆனால் துவர்ப்புள்ள மரங்கள் பல உண்டு. ஆணியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இதற்கு மேல் போக வேண்டுமானால் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பெயர் தெரிந்த மர மாதிரிகளின் பெரிய சேகரிப்பு உண்டு. மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து, பெயர் தெரிந்த மாதிரியோடு ஒப்பிடுவார்கள். மலாயா மரங்களை அடையாளம் காண 1967இல் பாலன் மேனன் எழுதிய கையேடும் இந்தத் துறையில் வந்ததுதான். ஆனாலும் காட்டு மெர்பாவையும் கடலோர மெர்பாவையும் கட்டையை மட்டும் வைத்துப் பிரிப்பது மிகக் கடினம். 'மெர்பாவ்' என்ற அளவோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

பெரியவரிடம் சொன்னேன். லென்ஸை வாங்கி, அந்த மஞ்சளை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். பூந்தொட்டிக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த ஒரு சிலிப்பர் கட்டைத்துண்டைத் தூக்கி வந்து, "இதைச் சீவிப் பாரு தம்பி" என்றார்.

இரண்டு பிளேடு மொட்டையானது. மூன்றாவதில் முகம் தெளிந்தது. லென்ஸை முதலில் அவரிடமே கொடுத்தேன். வெள்ளைப் புள்ளிகள், வரிசை வரிசையாக.