இருநூறு தோட்டா போதுமா?

அமெரிக்காவில் விலை குறைந்த கைத்துப்பாக்கி வாங்குகிறவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. புதுத் துப்பாக்கியைச் சுடுதளத்துக்கு எடுத்துப்போய் இருநூறு தோட்டா சுட வேண்டும். ஐம்பது ஐம்பதாக நான்கு பெட்டி. ஒரு தடவைகூடச் சிக்காமல் நான்கும் காலியானால் அதை நம்பி இடுப்பில் செருகிக்கொள்ளலாம் என்பார்கள். நம்பிக்கைக்கு எல்லைக்கோடு போட இருநூறுக்கு அப்படி என்ன தகுதி இருக்கிறது?

எந்த வகைத் துப்பாக்கி என்று சொல்லிவிடுகிறேன். 9 மி.மீ. தோட்டா, பாலிமர் சட்டகம், சட்டைக்கு அடியில் மறையும் அளவு, 300 டாலருக்கு உட்பட்ட விலை. பிரேசிலின் டாரஸ் நிறுவனம் தயாரிக்கும் ஜி3சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: மேகசினில் 12 தோட்டா, 81 மி.மீ. குழல், தோட்டா இல்லாமல் சுமார் 620 கிராம் எடை. ஆஸ்திரியாவின் கிளாக் 19 ஏறக்குறைய இரு மடங்கு விலை. நம் நாட்டில் 9 மி.மீ. தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால் இதைப் படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படி ஒன்றைக் கையில் எடுக்கப் போவதில்லை. இருந்தாலும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. உயிரை எடுக்கக்கூடிய கருவி இது. வேண்டும்போது சுடாவிட்டால் வைத்திருப்பவருக்கு ஆபத்து, வேண்டாதபோது சுட்டுவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. இப்படிப்பட்ட ஒரு பொருளைத் தோராயமாக நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கணக்குக்கு விடை மருத்துவத்தில் கிடைக்கிறது. 1983இல் ஜேம்ஸ் ஹேன்லி, ஏபி லிப்மன்-ஹேண்ட் என்ற இருவர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு மருந்தை இத்தனை பேருக்குக் கொடுத்தோம், ஒருவருக்கும் பக்கவிளைவு வரவில்லை, அப்படியானால் மருந்து முற்றிலும் பாதுகாப்பானதா என்பதுதான் கேள்வி. அவர்கள் விளக்கிய விதி மிக எளிது. எத்தனை முறை சோதித்தோமோ அந்த எண்ணால் மூன்றை வகுக்க வேண்டும். உண்மையான தவறு வீதம் அந்த அளவு வரை இருக்கலாம், அதற்கு மேல் போகாது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு சொல்லலாம்.

இருநூறு தோட்டாவுக்கு இது நூற்றுக்கு ஒன்றரை. நூறு தோட்டாவுக்கு ஒன்றரை தடவை சிக்கும் இயல்புள்ள துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தோட்டாவும் தடையின்றிப் போக 0.985 வாய்ப்பு. இதை இருநூறு முறை தன்னாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 0.05 வரும். அதாவது அப்படிப்பட்ட மோசமான துப்பாக்கிகூட இருபதில் ஒரு தடவை நான்கு பெட்டியையும் சுத்தமாகச் சுட்டுக் காட்டிவிடும். அதே துப்பாக்கியில் 12 தோட்டா மேகசின் ஒன்றை முழுக்கச் சுட்டால், ஆறு மேகசினுக்கு ஒன்று நடுவில் நின்றுபோகும். இருநூறு தோட்டாச் சோதனையில் தேறிய ஒன்றைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன்.

ஆயிரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் சிக்காது என்று சொல்ல வேண்டுமானால் மூவாயிரம் தோட்டா தடையின்றிப் போக வேண்டும். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் துப்பாக்கியும் சாவேஜ் நிறுவனத்தின் துப்பாக்கியும் மோதின. ஒவ்வொன்றிலும் ஆறாயிரம் தோட்டா. நூறு சுட்டதும் ஐந்து நிமிடம் ஆற விடுவார்கள், ஆயிரம் முடிந்ததும் துடைத்து எண்ணெய் போடுவார்கள். சாவேஜ் 37 தடவை சிக்கியது. கோல்ட் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அந்த மாதம் 29ஆம் தேதியே அதை ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1985 வரை அதுதான் படையின் முதன்மைக் கைத்துப்பாக்கி. ஆறாயிரத்தை விதியில் போட்டால் இரண்டாயிரத்துக்கு ஒன்று என்று வருகிறது. நூறாண்டு கழித்து, 2017இல் முடிந்த புதிய கைத்துப்பாக்கித் தேர்வில் ராணுவம் வைத்த நிபந்தனையும் இரண்டு தடங்கலுக்கு இடையில் சராசரி இரண்டாயிரம் தோட்டா என்பதுதான். இரண்டும் திட்டமிட்டுப் பொருந்தியதாக நான் நினைக்கவில்லை, ஆனாலும் பார்க்க வியப்பாகத்தான் இருக்கிறது.

சரி, துப்பாக்கி ஏன் சிக்குகிறது? கண் இமைப்பதற்குள் அதற்குள் எத்தனை வேலை நடக்கிறது என்று பார்த்தால், சிக்காமல் ஓடுவதுதான் ஆச்சரியமாகத் தோன்றும். விசையை அழுத்தியதும் தோட்டாவுக்குள் வளிமண்டலத்தைப் போல 2,400 மடங்கு வரை அழுத்தம் எழுகிறது. ஏழரை கிராம் குண்டு வினாடிக்கு 340 மீட்டர் அளவில் முன்னே பாய்கிறது. அதே உந்தம் பின்பக்கமும் வேலை செய்கிறது: மேலிருக்கும் ஸ்லைடும் குழலும் ஒன்றோடொன்று பூட்டியபடியே சில மில்லிமீட்டர் பின்வாங்குகின்றன. அதற்குள் குண்டு வெளியேறி, அழுத்தம் இறங்கிவிடும். அப்போது குழலின் பின்முனை சற்றே கீழே சாய்ந்து பூட்டிலிருந்து விடுபடுகிறது. இது பிரவுனிங்கின் யோசனை. இன்றைய கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இதன்படிதான் ஓடுகின்றன. ஸ்லைடு வினாடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் தனியே பின்னால் போகிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி வெற்று உறையின் விளிம்பைப் பிடித்து இழுத்து வருகிறது. உறை ஒரு முனையில் முட்டி வெளியே தெறிக்கிறது. சுருள்வில் ஸ்லைடை முன்னே தள்ள, அது போகிற போக்கில் மேகசின் வாயிலிருந்து அடுத்த தோட்டாவை உரித்து எடுத்து, சரிவில் ஏற்றி, அறைக்குள் தள்ளுகிறது.

இதில் மேகசினுக்கு இருக்கும் நெருக்கடி எனக்கு எப்போதும் பெரிதாகத் தெரியும். ஒரு தோட்டா சுமார் 12 கிராம். ஸ்லைடு பின்னே போய்த் திரும்புவதற்குள், அடியில் இருக்கும் வில் தன்மேல் அடுக்கியிருக்கும் அத்தனை தோட்டாவையும் மேலே தூக்கி, முதல் தோட்டாவைச் சரியான கோணத்தில் நிறுத்தியாக வேண்டும். துப்பாக்கியைச் சிறிதாக்கினால் ஸ்லைடின் எடை குறையும், அதனால் வேகம் கூடும். அது ஓடும் தூரமும் குறையும். மேகசினுக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு பக்கமும் சுருங்குகிறது. வேகத்தை அடக்கக் கடினமான சுருள்வில் வைத்தால் பிடிப்பவரின் கையிலும் அதே அளவு உறுதி தேவைப்படும். மணிக்கட்டு தளர்ந்தால் சட்டகமும் ஸ்லைடோடு சேர்ந்தே பின்வாங்கும், ஸ்லைடு முழுத் தூரம் போகாமல் திரும்பும், உறை வாயிலேயே நசுங்கி நிற்கும். ஆக, பிடிக்கும் கையும் இந்த இயந்திரத்தின் ஒரு பாகம்தான். 2017இல் தேர்வான ராணுவத் துப்பாக்கி சாதாரண முழு உலோக உறைத் தோட்டாவில் அந்த இரண்டாயிரத்தை எட்டவில்லை. பதிவான தடங்கல்களில் பெரும்பகுதி, கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு திறந்து நிற்காமல் போனது. தேடிப் பார்த்ததில் சுடுபவர்களில் சிலர் பிடித்த விதத்தில் விரல் ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் நெம்புகோலின் மேல் பட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

மலிவு எங்கே கைவைக்கிறது என்று கேட்டால், வடிவமைப்பில் அல்ல. பிரவுனிங்கின் யோசனைக்கு இன்று காப்புரிமைத் தொகை யாருக்கும் கட்ட வேண்டியதில்லை. கடைசல் முடிந்தபின் விளிம்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் உழைப்பு, கொக்கியின் உலோகம், மேகசின் வாயின் வளைவு, தொழிற்சாலை வாசலில் எத்தனைக்கு ஒன்றைச் சோதிப்பது என்ற முடிவு, இவற்றில்தான் காசு மிச்சமாகிறது. அதனால் ஒரு துப்பாக்கிக்கும் அடுத்த துப்பாக்கிக்கும் வேறுபாடு கூடுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே நீரில் ஒரே தீயில் வெந்த சோற்றுக்குப் பொருந்தும். தனித்தனியே கடைந்து கோத்த துப்பாக்கிகளுக்குப் பொருந்தாது. ஒருவர் தன்னுடையதில் மூவாயிரம் சுட்டுப் பார்த்திருந்தாலும், அதே பெயருள்ள இன்னொன்றைப் பற்றி அவருக்குத் தெரிந்தது குறைவு.

கலிபோர்னியா மாநிலம் இதைச் சட்டமாகவே எதிர்கொண்டது. அதற்கு முன்கதை உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றிச் சில நிறுவனங்கள் துத்தநாகக் கலவையை வார்த்து மிக மலிவான கைத்துப்பாக்கிகளைக் கொட்டின. கேரன் வின்ட்மியூட் என்ற அவசரசிகிச்சை மருத்துவர் 1994இல் அவற்றைப் பற்றி விரிவாக ஓர் அறிக்கை எழுதினார். 1999இல் சட்டம் வந்தது, 2001இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு ரகத்தில் மூன்று துப்பாக்கி, ஒவ்வொன்றிலும் 600 தோட்டா. முதல் இருபதில் துப்பாக்கியின் குறையால் ஒரு தடங்கல்கூடக் கூடாது, மொத்தத்தில் ஆறுக்கு மேல் கூடாது. கீழே விழுந்தால் தானாக வெடிக்கிறதா என்று ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் பல கோணங்களில் போட்டும் பார்ப்பார்கள். மூன்று துப்பாக்கி என்பதும், போட்டுப் பார்ப்பதும் நல்ல ஏற்பாடு. ஆறு தடங்கல் வரை அனுமதி என்பதுதான் தளர்வு. இருநூறுக்கு ஒன்று சிக்கும் ரகத்தை இந்த விதியில் போட்டுப் பார்த்தேன்: மூன்று துப்பாக்கியும் தேறுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு. வெளிப்படையாகக் கெட்டதை இந்த வலை பிடிக்கும், சுமாரானதைப் பிடிக்காது.

இனி குறி தப்பாமை. குட்டைக் குழல் குறி தவறும் என்பது பரவலான எண்ணம். 81 மி.மீ. குழலிலும் உள்வரிகள் குண்டைச் சுழற்றிவிடும், 250 மி.மீ.க்கு ஒரு சுற்று என்ற கணக்கில் அது வினாடிக்கு 1,300 சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டு போகும். நிலையாகப் பறக்க இது தாராளம். தொல்லை வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, நாம் குறிபார்க்கும் முள்ளும் பள்ளமும் ஸ்லைடின் மேல் இருக்கின்றன, குண்டோ குழலிலிருந்து போகிறது. ஒவ்வொரு சூட்டிலும் குழல் சாய்ந்து, விடுபட்டு, மறுபடி பூட்டிக்கொள்கிறது. பழைய இடத்திலிருந்து ஒரு முனை பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விலகிப் பூட்டினாலும் 25 மீட்டரில் குண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்.

இரண்டாவது, மனிதர். முன்முள்ளுக்கும் பின்பள்ளத்துக்கும் நடுவே சுமார் 13 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. முள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் 25 மீட்டரில் குண்டு 19 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இந்த 620 கிராம் பொருளின் விசையை இழுக்க வேண்டிய பலமோ இரண்டரை கிலோவுக்கு மேல். தன் எடையைப் போல நான்கு மடங்கு பலத்தால் ஒரு விரல் அதை இழுக்கும்போது, முள் ஒரு மில்லிமீட்டர்கூட அசையாமல் காக்க வேண்டும். இதனால்தான் துப்பாக்கியை எடைபோட விரும்புகிறவர்கள் அதைக் கையிலிருந்து பிரித்து, மேசையோடு திருகிய பிடிகருவியில் பூட்டிச் சுடுகிறார்கள். அப்படிச் சுடும்போது இந்த ரகம் பலவும் 25 கஜத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டருக்குள் தோட்டாக்களைச் சேர்த்துவிடும். நின்றபடி அதைச் செய்ய முடிகிறவர்கள் மிகக் குறைவு.

இங்கேயும் எண்ணிக்கை ஏமாற்றுகிறது. ஐந்து துளைகளில் மிகத் தள்ளியிருக்கும் இரண்டுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து சொல்வது வழக்கம். மற்ற மூன்றைப் பற்றி அந்த அளவு எதுவும் சொல்வதில்லை. பத்துச் சுட்டால், துப்பாக்கி மாறாமலேயே, அந்தத் தூரம் சராசரியில் கால் பங்கு பெரிதாகிவிடும். எல்லாத் துளைகளின் நடுப்புள்ளியைக் கண்டு, அங்கிருந்து ஒவ்வொன்றின் தொலைவையும் அளந்து சராசரி எடுப்பது நல்ல வழி. எத்தனை சுட்டாலும் அது அந்த அளவுக்கு வீங்காது. ஐந்து துளையில் கிடைத்த சராசரி உண்மையிலிருந்து ஏறக்குறைய பாதி அளவு வரை பிசகலாம். முப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வந்துவிடும்.

விலைக்கு வருவோம். தோட்டா ஒன்று கால் டாலர் என்று வைத்துக்கொண்டால் மூவாயிரத்துக்கு 750 டாலர். துப்பாக்கியின் விலையைப் போல இரண்டரை மடங்கு. மலிவானதை வாங்கியவரால்தான் அந்தச் செலவைத் தாங்க முடியாது, அந்தச் சோதனை அதிகம் தேவைப்படுவதும் அவருடைய துப்பாக்கிக்குத்தான். ஆயிரத்தோடு நிறுத்துகிறவர் அந்த ஆயிரத்தையாவது யோசித்துச் செலவழிக்கலாம். ஆபத்துக்கென்று நிரப்பி வைக்கும் குழிமுனைத் தோட்டாவிலேயே ஒரு பகுதியைச் சுட வேண்டும். அதன் தட்டை வாய் சரிவில் இடறும் விதம் உருண்டை முனைத் தோட்டாவில் தெரியாது. மேகசின்களுக்கு எண் போட்டு, எந்தத் தடங்கல் எதில் வந்தது என்று குறித்துவைக்க வேண்டும். ஒற்றைக் கையாலும், இடக்கையாலும், பலம் குறைந்த இன்னொருவர் கையாலும் சுட்டுப் பார்க்க வேண்டும். முப்பது தோட்டாவைத் தாங்கியில் வைத்து ஒரே அட்டையில் சுட வேண்டும். இத்தனையும் தடங்கலின்றி முடிந்தால், ஆயிரத்துக்கு மூன்றுக்கு மேல் சிக்காது என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் தன் கையில் இருக்கும் அந்த ஒன்றைப் பற்றி மட்டும், அதன் வில்கள் தளராத வரைக்கும்.