வேகமும் வெப்பமும்

கணினியின் முறைவழியாக்கி, அதனை ஆக்கியோர் வகுத்த மீடிறனுக்கு மேலாக இயக்கப்படுங்கால் பெரிதும் வெப்பமடைகின்றது. வெம்மை கண்டவுடன் புதிய விசிறி வாங்க முற்படுவோர் பலர். காரணத்தை ஆராயாது பரிகாரம் தேடுதல் பொருந்தாது.

சுற்றுக்களில் வெப்பமாக மாறும் வலு, மீடிறனுக்கும் உவோற்றளவின் வர்க்கத்திற்கும் நேர்விகிதசமமாகும். மீடிறனை 20 வீதமும், அதற்கு ஈடுகொடுக்கும்பொருட்டு உவோற்றளவை 10 வீதமும் உயர்த்தினால், அவ்வலு ஏறத்தாழ 45 வீதம் கூடும். வேகத்தால் வரும் ஆதாயம் சிறிது. வெப்பத்தின் பெருக்கமோ பெரிது.

ஆதலின், முதற்கண் மீடிறனையும் உவோற்றளவையும் பழைய நிலைக்கு மீட்டு, அதே வேலையைக் கொடுத்து வெப்பநிலையை அளத்தல் வேண்டும். அப்பொழுதும் வெம்மை தணியாதாயின் குறை குளிர்த்தலிலேயே உளது. வேலை தொடங்கிய கணமே வெப்பநிலை பாய்ந்தேறின், முறைவழியாக்கிக்கும் குளிராக்கிக்கும் இடையே பூசிய களிம்பு உலர்ந்திருத்தல் கூடும்; அன்றிக் குளிராக்கி செவ்வனே பொருந்தாதிருத்தல் கூடும். மெல்ல மெல்ல ஏறின், தூசியோ காற்றோட்டக் குறைவோ காரணமாகலாம்.

மீட்டவுடன் வெம்மை தணியுமாயின், உவோற்றளவின் மிகுதியே பெரும்பாலும் காரணமாகும். தானியங்கு அமைப்பிலே தாய்ப்பலகை வேண்டியதிலும் கூடுதலான உவோற்றளவை வழங்குதல் உண்டு. அதனைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் கணினி தளராது இயங்குகின்றதா எனச் சோதித்தல் வேண்டும்.

இக்கால முறைவழியாக்கிகள் பல, 100 பாகை செல்சியசை அண்மியதும் தம்மைக் காக்கும்பொருட்டுத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்வன. வெம்மையைக் கருதாது வேகத்தை நாடியவர், ஈற்றில் அவ்வேகத்தையே இழக்கின்றார்.