தராசில் அதிபர்கள் – 6: குற்றம் ஒன்று, குற்றப்பத்திரிகை வேறொன்று

அமெரிக்காவின் 17-ஆவது அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் பதவி தப்பியவர். 1868 மே 16 அன்று செனட்டில் 35 பேர் அவரைக் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். பதவியைப் பறிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 36 வாக்குகள், வேண்டும். ஜான்சன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இந்த ஒரு வாக்குதான். ஆனால் அன்று அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றத்துக்கும் அவர் உண்மையில் நாட்டுக்கு இழைத்த கேட்டுக்கும் தொடர்பு குறைவு. பின்வந்த நூறாண்டுகளில் அவருடைய புகழ் ஏறியதற்கும் இறங்கியதற்கும் இந்த இடைவெளிதான் வழிவிட்டது.

1808-இல் வட கரோலினாவின் ராலே நகரில் பரம ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயதில் தந்தை இறந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலேயே ஒரு தையல்காரரிடம் ஒப்பந்தத் தொழிலாளியாக விடப்பட்டார். 1824-இல் அங்கிருந்து தப்பி ஓடியபோது, பிடித்துக் கொடுப்பவருக்குப் பத்து டாலர் என்று முதலாளி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். டென்னசி மாநிலத்தின் கிரீன்வில் ஊரில் கடை போட்டு, மனைவி எலைசாவின் உதவியோடு எழுத்தும் கணக்கும் தேறி, நகராட்சியிலிருந்து படிப்படியாக மேலே வந்தார். பத்தாண்டுகள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், பிறகு மாநில ஆளுநர், பிறகு செனட்டர். தோட்ட முதலாளிகளான பெரும் பணக்காரர்களை மேடைதோறும் வறுத்தெடுத்ததுதான் அவருடைய அரசியல் மூலதனம். அதே நேரம் அவரிடமும் சில அடிமைகள் இருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பின்னால் நடந்தது புரியும்.

1861-இல் தென் மாநிலங்கள் பிரிந்து போனபோது, பிரிந்த மாநிலங்களின் செனட்டர்களில் இவர் ஒருவரே தம் இருக்கையை விட்டு எழாதவர். சொந்த மாநிலத்தில் உயிருக்கு ஆபத்து இருந்த நிலையில் எடுத்த முடிவு அது. வடக்கில் அவருடைய பெயர் உயர்ந்தது. அதிபர் லிங்கன் அவரை டென்னசியின் ராணுவ ஆளுநராக்கினார். 1864 தேர்தலில் தெற்கத்தியர் ஒருவர் கூட்டணியில் இருக்கட்டும் என்று துணை அதிபர் வேட்பாளராகவும் ஏற்றார். 1865 மார்ச் 4 அன்று பதவியேற்பு விழாவில், காய்ச்சலிலிருந்து தேறிவந்த ஜான்சன் விஸ்கி குடித்துவிட்டு உளறியது பெரிய அவமானமாயிற்று. ஆறு வாரங்கள் கழித்து, ஏப்ரல் 15 அன்று, கொலையாளியால் சுடப்பட்ட லிங்கன் இறந்தார், ஜான்சன் அதிபரானார். அதே சதியில் ஜான்சனைக் கொல்ல அமர்த்தப்பட்டவன் துணிவில்லாமல் பின்வாங்கிவிட்டான்.

நாடாளுமன்றம் டிசம்பர் வரை கூடுவதாக இல்லை. உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன தெற்கை மறுபடி கட்டியெழுப்பும் வேலை அந்த ஏழெட்டு மாதமும் அதிபர் ஒருவர் கையில் இருந்தது. ஜான்சனின் தோல்வியை எடைபோட வேண்டிய இடம் இதுதான், 1868-இன் செனட் மன்றம் அல்ல.

மே 29 அன்று பொது மன்னிப்பு அறிவித்தார். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் உள்ளிட்ட சில பிரிவினர் மட்டும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார். பணக்காரத் தோட்ட முதலாளிகளுக்கு இனி கேடுகாலம் என்று பலர் நினைத்தார்கள். நடந்தது வேறு. முன்பு அவரை ஏறிட்டும் பார்க்காதவர்கள் வெள்ளை மாளிகையில் வரிசையில் நின்று கெஞ்சினார்கள். ஆயிரக்கணக்கில் மன்னிப்பு வழங்கப்பட்டது. அந்தப் பணக்காரர்கள் அடிமைகளை வைத்திருந்தது ஜான்சனுக்கு எப்போதும் பெரிய குறையாகப் படவில்லை. தம்மைப் போன்ற ஏழை வெள்ளையரை மதிக்காததே குறையாகப் பட்டது. மதித்து வந்து நின்றதும் கோபம் தணிந்துவிட்டது.

மன்னிப்போடு நிலமும் திரும்பிப் போயிற்று. தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடலோரத்தில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் 1865 ஜனவரியில் ஒதுக்கிய சுமார் 4 லட்சம் ஏக்கரில், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிர் வைத்திருந்தார்கள். அந்த நிலத்தைப் பழைய உரிமையாளர்களிடம் ஒப்படைக்கச் சொன்னார் ஜான்சன். அக்டோபரில் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போய் இந்தச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு, விடுதலை பெற்றோர் நல அலுவலகத் தலைவர் ஜெனரல் ஹோவார்டின் தலையில் விழுந்தது. தீவு மக்கள் குழு அமைத்து அதிபருக்கே மனு எழுதினார்கள். பலன் இல்லை.

அதற்குள் தென் மாநிலச் சட்டமன்றங்கள் ‘கறுப்பர் சட்டங்களை’ இயற்றத் தொடங்கிவிட்டன. மிசிசிப்பியில் கறுப்பர் ஒவ்வொருவரும் ஜனவரி தோறும் வேலையில் இருப்பதற்கான எழுத்துச் சான்று காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டால் கூலி போய்விடும், கைதும் செய்யலாம். நகர எல்லைக்கு வெளியே நிலம் குத்தகைக்கு எடுக்கக் கூடாது. வேலையற்றுத் திரிபவர் என்று பிடிபட்டு அபராதம் கட்ட முடியாதவரை, அபராதத்தைக் கட்டும் வெள்ளையரிடம் வேலைக்கு அனுப்பலாம். அடிமை முறை என்ற பெயர்தான் அதில் இல்லை. ஜார்ஜியா தன் செனட்டராகத் தேர்ந்தெடுத்தது, பிரிவினை அரசின் துணை அதிபராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸை!

தெற்கத்திய உறுப்பினர்களை உள்ளே விட நாடாளுமன்றம் மறுத்தது. அப்போதும் சமரசத்துக்கு வழி இருந்தது. குடியரசுக் கட்சியில் மிதவாதிகளே அதிகம். இலினாய் செனட்டர் லைமன் டிரம்புல் அவர்களில் ஒருவர். கறுப்பருக்குக் குடியுரிமையும் சட்டத்தின் முன் சம உரிமையும் தரும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். ஓட்டுரிமை அதில் இல்லை. அதிபர் கையெழுத்திடுவார் என்றே நம்பினார். 1866 மார்ச் 27 அன்று ஜான்சன் அதை வீட்டோ செய்தார். இது வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பருக்குச் சலுகை காட்டுகிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஏப்ரல் 9 அன்று இரு அவைகளும் வீட்டோவைத் தள்ளி மசோதாவைச் சட்டமாக்கின. முக்கியமான சட்டம் ஒன்று அதிபரின் மறுப்பை மீறி நிறைவேறியது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல் முறை. மொத்தம் 29 வீட்டோக்களில் 15 இப்படித் தள்ளப்பட்டன.

மே மாதம் மெம்பிஸில் மூன்று நாள் கலவரத்தில் 46 கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலை 30 அன்று நியூ ஆர்லியன்ஸில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். தாக்கியவர்களில் காவலர்களும் இருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் ரத்தத்துக்கு குடியரசுக் கட்சித் தீவிரவாதிகளே பொறுப்பு என்று செயின்ட் லூயிஸ் கூட்டத்தில் பேசினார் அதிபர். அந்த ஆண்டின் நாடாளுமன்றத் தேர்தலுக்கான சுற்றுப்பயணம் முழுக்க, கூட்டத்தில் கூச்சலிட்டவர்களோடு அவர் தெருச்சண்டை போடுவதுபோல் வாதாடினார். தேர்தலில் எதிரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை கிடைத்தது. அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கியது மட்டுமே இந்த ஆட்சியில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் சாதனை. அதுவும் வெளியுறவு அமைச்சர் சீவார்டின் கைவண்ணம்.

பதவி நீக்க விசாரணை இந்தப் பின்னணியில்தான் வந்தது. ஆனால் பிடித்த கயிறு பலவீனமானது. செனட்டின் ஒப்புதலோடு அமர்த்தப்பட்டவர்களை அதன் ஒப்புதலின்றி நீக்கக் கூடாது என்று 1867 மார்ச்சில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1868 பிப்ரவரி 21 அன்று ஜான்சன் போர் அமைச்சர் ஸ்டான்டனை நீக்கினார். அவரோ அலுவலகத்தை விட்டு வெளியேற மறுத்து உள்ளேயே குடியிருந்தார். மூன்றே நாளில் பிரதிநிதிகள் சபை 126-க்கு 47 என்ற கணக்கில் அதிபர்மீது குற்றம் சாட்டியது. பதினொரு குற்றச்சாட்டுகளில் முதல் எட்டும் ஸ்டான்டன் விவகாரம், பத்தாவது மேடைப் பேச்சு. கறுப்பர் சட்டங்களும் எடிஸ்டோ நிலமும் மெம்பிஸும் பட்டியலில் இல்லை. ஸ்டான்டனை அமர்த்தியவர் லிங்கன் என்பதால் அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்துமா என்பதே சந்தேகம். ஜான்சனின் வழக்கறிஞர்கள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஜான்சன் போனால் பதவிக்கு வரவேண்டிய செனட் தலைவர் பென் வேடைப் பலருக்குப் பிடிக்காது. திரைமறைவில் ஜான்சன் தரப்பு சில உறுதிமொழிகளையும் தந்தது. குடியரசுக் கட்சியினர் ஏழு பேர் அவர் பக்கம் வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவர், வீட்டோவால் ஏமாற்றப்பட்ட அதே டிரம்புல்.

ஜான்சனை மாட்டவைத்த சட்டத்தை 1887-இல் நாடாளுமன்றமே நீக்கியது. 1926-இல் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட சட்டம் செல்லாது என்று கருத்துச் சொன்னது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டாஃப்ட், முன்னாள் அதிபர். அவ்வளவுதான், ஜான்சன் அரசியலமைப்பின் காவலர் ஆனார். 1928 முதல் 1930 வரை அவரைத் தியாகியாகக் காட்டும் நூல்கள் அடுக்கடுக்காக வெளிவந்தன. கிளாட் பவர்ஸ் எழுதிய ‘தி டிராஜிக் இரா’ அவற்றில் மிகவும் விற்றது. 1942-இல் ஜான்சனை நாயகனாக்கி ஹாலிவுட் படமே எடுத்தது. கறுப்பின உரிமை அமைப்புகள் அதை எதிர்த்தன. விடுதலை பெற்ற மக்களை ஆளத் தெரியாத கூட்டமாகவும், அவர்களுக்கு உரிமை கேட்டவர்களைப் பழிவாங்கத் துடித்தவர்களாகவும் சித்திரித்த ஒரு வரலாற்றுப் பார்வை அப்போது பல்கலைக்கழகங்களில் கோலோச்சியது. தெற்கில் கறுப்பருக்கு ஓட்டில்லாத காலம் அது. கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1935-இல் எழுதிய மறுப்பு நூலை வெள்ளைக் கல்வியுலகம் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 1960 முதல் எரிக் மக்கிட்ரிக் போன்றவர்களின் ஆய்வுகள் வந்தன. ஜான்சனே பிடிவாதத்தால் மிதவாதிகளை விரட்டினார் என்பது அவற்றில் நிலைநாட்டப்பட்டது. 1988-இல் வந்த எரிக் ஃபோனரின் பெருநூலுக்குப் பிறகு தியாகிப் படிமம் தலையெடுக்கவில்லை.

ஜான்சனுக்காக இன்றும் இரண்டு வாதங்கள் சொல்லப்படுகின்றன. லிங்கனின் தாராளத் திட்டத்தையே தொடர்ந்தார் என்பது ஒன்று. ஆனால் லிங்கன் தம் கடைசிப் பொதுப் பேச்சில், படித்த கறுப்பருக்கும் படைவீரருக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்ற விருப்பத்தை வெளியிட்டார். ஜான்சனும் 1865 ஆகஸ்டில் மிசிசிப்பி ஆளுநருக்கு, எழுத்தறிவோ சொத்தோ உள்ள கறுப்பருக்கு ஓட்டுக் கொடுத்து எதிரிகளின் வாயை அடைக்கலாம் என்று யோசனை சொன்னவர்தான். ஆளுநர் கேட்கவில்லை, இவரும் வற்புறுத்தவில்லை. இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதரை அளக்கலாமா என்பது மற்றது. அளவுகோல் அன்றே இருந்தது. 1866 பிப்ரவரி 7 அன்று ஃபிரெடரிக் டக்ளஸ் தலைமையில் வந்த கறுப்பினக் குழு வெள்ளை மாளிகையிலேயே ஓட்டுரிமையைக் கேட்டது. இனப்போர் மூளும் என்று சொல்லி, நாட்டைவிட்டுக் குடிபெயர்வதைப் பற்றிப் பேசி அனுப்பினார் அதிபர். குழுவின் மறுமொழி பத்திரிகையில் வந்தது. நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கினரும் அந்த ஆண்டே அவர் தவறு என்று வாக்களித்திருந்தார்கள்.

1948-இல் ஆர்தர் ஷ்லெசிங்கர் வரலாற்றாசிரியர்களிடம் எடுத்த கணிப்பில் ஜான்சனுக்கு 29 பேரில் 19-ஆவது இடம். ‘சராசரி’ என்ற வகுப்பு. அவருக்குப் பின் வந்து, வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானை ஒடுக்கப் படையனுப்பிய கிராண்ட் ‘தோல்வி’ வகுப்பில் கிடந்தார். 2021-இல் சி-ஸ்பான் தொலைக்காட்சி வெளியிட்ட பட்டியலில் கிராண்ட் 20-ஆவது, ஜான்சன் 44 பேரில் 43-ஆவது. அவருக்கும் கீழே இருப்பவர் உள்நாட்டுப் போர் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த புகானன் மட்டுமே. போரைத் தடுக்காதது பெரிய பிழையா, ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்ட போரின் பலனைக் கைநழுவ விட்டது பெரிய பிழையா என்பதில்தான் கடைசி இரண்டு இடங்களுக்கான வாக்குகள் பிரிகின்றன.