உறங்காத காவலாளி

1984-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி. ஆண்டிபட்டி மக்கள் ஓட்டுச் சாவடிகளில் வரிசையாக நின்றார்கள். வேட்பாளர் எம்.ஜி.ஆர். ஊரில் இல்லை. பிரசாரத்துக்கும் அவர் வரவில்லை. அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்.

ஐந்து நாட்களுக்கு முன்புதான் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருந்தார்கள். அப்போது அவருக்கு வயது 67. ஆண்டிபட்டி அவரை வெற்றி பெறச் செய்தது. 1985 பிப்ரவரியில் அவர் தமிழகம் திரும்பினார்.

பெரிய ஆபரேஷன் என்றால், கத்தி பிடித்த டாக்டரைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். நோயாளியின் தலைமாட்டில் மணிக்கணக்கில் நின்று உயிரைக் காப்பவர் இன்னொருவர் உண்டு. அவர்தான் மயக்க மருந்து டாக்டர். நோயாளி உறங்குவார், அவர் இமை கொட்டாமல் விழித்திருப்பார்.

மூச்சா? நாடியா?

இந்தக் காவல் ஒரே நாளில் ஏற்பட்டது அல்ல. 1846 அக்டோபர் 16-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஈதர் கொடுத்து வலியின்றி ஆபரேஷன் செய்து காட்டினார்கள். மறு ஆண்டே குளோரோபாரம் வந்தது. வலி தொலைந்தது. ஆனால் மயங்கியவர்களில் சிலர் கண் விழிக்கவே இல்லை!

காரணம் என்ன? "நாடியைக் கவனியுங்கள்" என்றது ஒரு சாரார். "மூச்சைக் கவனியுங்கள்" என்றது மறு சாரார். ஐதராபாத் நிஜாமின் ஆதரவில் டாக்டர் எட்வர்டு லாரி 1888, 1889-ஆம் ஆண்டுகளில் இரு கமிஷன்கள் நடத்தினார். பிராணிகளிடம் சோதித்து, மூச்சுதான் முதலில் நிற்கிறது என்றார். இருதயமும் திடீரென்று நின்றுவிடக் கூடும் என்பதை 1911-ல் டாக்டர் லீவி காட்டினார். இரண்டையும் கவனிக்க வேண்டும் என்பதே முடிவில் கிடைத்த பாடம்.

விரல் நுனியில் விடை

1974-ல் ஜப்பானியர் தக்குவோ அயோயாகி ஒரு வழி கண்டார். விரலில் மாட்டும் சிறு கவ்வி, ரத்தத்தில் உள்ள பிராணவாயுவின் அளவையும் நாடித் துடிப்பையும் ஒருங்கே காட்டிவிடும். இன்று ஆபரேஷன் அறைகளில் ஒலிக்கும் 'பீப், பீப்' சத்தம் அதனுடையதுதான்.

கருவி மட்டும் போதுமா? நோயாளி யார், எந்த உறுப்பில் ஆபரேஷன், எந்த மருந்து ஒவ்வாது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுச் சரிபார்க்க, உலக சுகாதார நிறுவனம் 19 அம்சப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. புதுடில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைக் கையாண்டார்கள். 2009-ல் முடிவு வெளியாயிற்று. முன்பு ஆயிரம் பேரில் 15 பேர் இறந்தார்கள். பட்டியல் வந்த பின் அது 8 ஆகக் குறைந்தது.

பயம் வேண்டாம்

இன்று ஆண்டிபட்டிக்காரர் ஆபரேஷனுக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. பக்கத்தில் க.விலக்கிலேயே தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பழைய பயங்கள் போகவில்லை.

"குழந்தைக்கு மயக்கம் கொடுத்தால் புத்தி மங்குமே!" என்று தாய்மார் கலங்குவது உண்டு. பல நாடுகளில் 722 கைக்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சுமார் ஒரு மணி நேர மயக்கத்தால் ஐந்து வயதில் அறிவுத்திறன் குறையவில்லை என்று 2019-ல் அறிவித்தார்கள்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "பாவம், பட்டினியாகக் கிடக்கிறானே!" என்று பாட்டி மறைத்துக் கொடுக்கும் ஒரு வாய் காபி! மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே கேடு. பால் சேர்ந்த காபியும் ஆகாரமே. ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீரைச் சாதாரணமாக இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை அனுமதிப்பார்கள். அதையும் டாக்டரிடம் கேட்டே குடிக்க வேண்டும்.

தின்றது, குடித்தது, பீடி, மது, பழைய வியாதி, சாப்பிடும் மாத்திரை எதையும் மயக்க டாக்டரிடம் ஒளிக்கக் கூடாது. காவலாளியிடம் உண்மையைச் சொன்னால்தானே, அவர் கதவைச் சரியாகக் காக்க முடியும்?