லெஸ்லி நியூபிகின்: செங்கல்பட்டுக்கு வந்த 26 வயதுப் பாதிரியார்

மெரினாவில் இருக்கும் தமிழறிஞர் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வைத்தவை. அதில் போப், கால்டுவெல், வீரமாமுனிவர் மூணு பேரும் கிறிஸ்தவ ஊழியத்துக்காகக் கப்பலேறி வந்தவர்கள். மூணு பேருமே சிலையில் பெரியவர்களாக நிற்கிறார்கள். அதனாலோ என்னவோ, 'மிஷனரி' என்றாலே நமக்கு நரைத்த தாடி, கையில் தடித்த புத்தகம் என்றுதான் ஒரு படம் வருகிறது.

ஆனால் வந்த வயதைப் பாருங்கள். ஜி.யு. போப் 1839-ல் வந்தபோது 19. கால்டுவெல் 1838-ல் வந்தபோது 23. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லர் 1862-ல் வந்தபோது 24. எங்கள் ஆபீஸில் முதல் தடவை ஆன்சைட் போகிற பசங்களின் வயசு. நானும் அந்த வயதில்தான் போனேன். எட்டு மாதம், குளிர், வாரம் ஒருதரம் அம்மாவுக்கு போன்.

அதனால் இவர்கள் எழுதிய பெரிய நூல்களைவிட, முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் இவர்கள் தினமும் என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். காலையில் எழுந்து என்ன செய்வார்கள்? யார் பேச்சுத் துணை? முதலில் எதைப் பார்த்து முகம் சுளித்தார்கள்? (நான் கிறிஸ்தவன் இல்லை. தாம்பரத்தில் பதினாலு வருஷமாகக் குடியிருப்பவன். கிறிஸ்தவக் கல்லூரியின் மரங்களைத் தினமும் பார்ப்பவன். தொடர்பு அவ்வளவுதான்.)

எங்கள் பக்கத்துக்கு நெருக்கமான உதாரணம் லெஸ்லி நியூபிகின். 1909-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். 1936 ஜூலையில் எடின்பரோவில் குருப்பட்டம், அடுத்து ஹெலன் ஹெண்டர்சனோடு கல்யாணம், செப்டம்பரில் கப்பல். ஒரே கோடையில் மூணும்! ஸ்காட்லாந்து சபை அனுப்பியது. அக்டோபரில் மதராஸில் இறங்கி செங்கல்பட்டுக்குப் போகிறார்.

அன்றைய தென்சென்னையைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். பீச்சிலிருந்து கிளம்பும் மின்சார ரயில் 1931-ல் வந்தது, ஆனால் தாம்பரத்தோடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே நீராவி வண்டிதான். ஏரி, வயல், ஏரி, வயல். கிறிஸ்தவக் கல்லூரி அப்போதுதான் ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்க் காட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. 1937 ஜனவரியில் இங்கே திறப்பு விழா. அதாவது நியூபிகின் தம்பதி வந்த அதே மழைக்காலத்தில் தாம்பரத்திலும் ஒரு குடிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது.

செங்கல்பட்டு ஸ்காட்லாந்து மிஷனுக்குப் புது ஊர் இல்லை. செயின்ட் கொலம்பாஸ் பள்ளி அவர்களுடையது. பக்கத்துக் காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பள்ளி அதற்கும் முந்தியது. 1890-களில் இங்கே இருந்த ஆடம் ஆண்ட்ரூ என்ற மிஷனரியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் பறையர் சமூக மக்களுக்குச் சொந்தமாக நிலம் கிடைப்பதே அரிதாக இருந்த காலம். கலெக்டர் டிரெமென்ஹீர் அதைப் பற்றி அறிக்கை எழுதியபோது, ஆண்ட்ரூ மாதிரியான மிஷனரிகளும் அரசை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1892-ல் வந்த அரசாணைதான் இன்றைக்கு நாம் 'பஞ்சமி நிலம்' என்று சொல்வதன் ஆரம்பம். அதனால் நியூபிகின் போய்ப் பார்க்கவேண்டிய கிராமத்துச் சபைகளில் பெரும்பாலானவை சேரிகளில் இருந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து வருவது புரியும்.

வந்த புதிதில் மூத்த மிஷனரிகளோடு கிராமங்களைப் பார்க்கப் போகிறார். மழைக்காலம். பார்த்ததை அப்போதே எழுதி வைத்தார், பிற்பாடு சுயசரிதையிலும் சேர்த்தார். அவர் சொல்வதன் சாரம் இது. நாம் காரில் பிரபுக்கள் மாதிரி வந்து இறங்குகிறோம். வழியில் நடந்து போகிறவர்கள் மேலெல்லாம் சேற்றை வாரி இறைத்துவிட்டு வருகிறோம். இறங்கியதும் ஒரு சோதனை நடத்துகிறோம், என்னென்ன குறை இருக்கிறது என்று தேடித்தேடிப் பார்க்கிறோம். அவர்கள் விறைப்பாக நின்று 'சார்' என்கிறார்கள். வெள்ளைக்காரனிடம் இதை இவர்கள் இன்னும் ரொம்ப நாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்தேன். காரணம் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு சின்ன ஊரில் இருந்த எங்கள் சப்போர்ட் டீமை 'ரிவ்யூ' பண்ண அனுப்பினார்கள். ஏசி கார். வாசலில் இறங்கியதும் பொக்கே. உள்ளே போனதும் பதினைந்து பேர் எழுந்து நின்றார்கள். நான் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து தப்பு கண்டுபிடித்தேன். சாயங்காலம் திரும்பும்போது மனசு நிறைவாக இருந்தது என்பதுதான் வெட்கம். எனக்கு அப்போது முப்பத்தெட்டு. நியூபிகினுக்கு இது உறைத்தபோது இருபத்தாறு.

அவர் ஒருத்தர்தான் இதைப் பார்த்தார் என்றும் சொல்ல முடியாது. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வி.எஸ். அசரியா என்ற தமிழர் இதையே மேடையில் சொன்னார். தியாகம், பணம் எல்லாம் கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு வேண்டியது நட்பு என்கிற அர்த்தத்தில். அசரியா திருநெல்வேலிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அவரே ஒரு மிஷனரி. தெலுங்கு தேசத்து டோர்ணக்கலுக்குப் போய், புது மொழி கற்று வேலை செய்தவர். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். மிஷனரி என்றால் வெள்ளைக்காரர் என்று நினைப்பதே பாதித் தப்பு, இது வேற கதை.

சரி, தினசரி வாழ்க்கைக்கு வருகிறேன். புதிதாக வருகிற மிஷனரிக்கு முதல் வேலை பிரசங்கம் இல்லை, தமிழ். காலையில் முன்ஷி வருவார், உட்கார்ந்து படிக்க வேண்டும். பட்டம் வாங்கி, சொந்த ஊரில் மேடையில் பேசிப் பழகியவனுக்கு இது பெரிய அடி. திடீரென்று மூணு வயசுக் குழந்தை ஆகிவிடுவான். கடைக்காரர் சிரிப்பார். சமையல்காரர் சொல்வதில் பாதி புரியாது. ல, ள, ழ வேறு!

இந்த மொழிப் பயிற்சி எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இன்னும் பழைய, இன்னும் விவரமான பதிவு ஒன்று இருக்கிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவுக்கு வயது இருபத்துமூன்று, நாலுதான். இலக்கணப் புத்தகம் கையில் கிடையாது. ஒரு வயதான வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்த வைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு எழுதிய கடிதத்தில் தன் டைம்டேபிளையே கொடுத்திருக்கிறார். காலை ஜெபத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஞான உபதேசம். ஏழிலிருந்து எட்டு வரை படித்த சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்ச் சுவடிகள் மட்டும். பக்கத்தில் ஒரு வயதான புலவர், ஒரு எழுத்தர். புலவர் விளக்குவார், எழுத்தர் குறித்துக்கொள்வார். மத்தியானம் கொஞ்சம் ஓய்வு, திரும்பவும் சுவடி. இருட்டினால் விளக்கொளியில் கண் ஒத்துழைக்காது, அதனால் வேறு யாராவது வாசிக்க இவர் கேட்பார். நடை பிடித்திருந்தால் அதே நூலைத் திரும்பத் திரும்ப, நூறு தடவை வரைகூடக் கேட்டதாக எழுதுகிறார்.

இன்றைக்கு மொழி கற்கும் ஆப்களில் 'ஸ்பேஸ்டு ரிபிடிஷன்' என்று பெயர் வைத்து சந்தா வாங்குகிறார்கள். ஏழு மணி வகுப்பு அதுதான். பலன்? 1708-க்குள் 119 தமிழ் நூல்களைச் சேகரித்து, படித்து, குறிப்போடு பட்டியல் போட்டார். இருபதாயிரம் சொல் கொண்ட அகராதி ஒன்றும். அதே வருஷக் கடைசியில் டேனிஷ் கோட்டைத் தளபதியோடு தகராறு முற்றி நாலு மாதம் சிறை. அவரைச் சிறையில் வைத்தது தமிழர்கள் இல்லை, அவரை அனுப்பிய ராஜாவின் ஆட்களேதான். 36 வயதில், 1719-ல், தரங்கம்பாடியிலேயே இறந்தார்.

நியூபிகினுக்கு இந்த அளவு நேரம் கிடைக்கவில்லை. வந்து சில மாதங்களுக்குள் ஒரு பஸ் விபத்து. கால் மோசமாக நொறுங்கியது. பல அறுவை சிகிச்சைகள், குணமாகாமல் ஸ்காட்லாந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். ஊரே கூடி வழியனுப்பி வைத்த ஆள் ஒரு வருஷத்துக்குள் ஊன்றுகோலோடு வந்து நிற்கிறார். எடின்பரோவில் அவருக்குக் கொடுத்த வேலை இன்னும் கொடுமை: வெளிநாட்டுக்குப் போக விரும்பும் மற்ற இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பது.

அந்த இடைவெளியில்தான் 1938 டிசம்பரில் தாம்பரத்தில், நம்ம கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், சர்வதேச மிஷனரி மாநாடு நடந்தது. பல நாடுகளிலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். இறையியல் படிப்பவர்கள் உலகெங்கும் இன்றும் 'தாம்பரம் 1938' என்றுதான் சொல்கிறார்கள். இங்கே ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் யாருக்கும் தெரியாது. பிற மதங்களைக் கிறிஸ்தவன் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் பெரிய சண்டை. டச்சுக்காரரான ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு பக்கம். மதராஸைச் சேர்ந்த சக்கரை, செஞ்சையா குழுவினர் இன்னொரு பக்கம். அவர்கள் தங்கள் பதிலைத் தனிப் புத்தகமாகவே போட்டார்கள். நியூபிகின் அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

1939-ல், போர் தொடங்கிய சமயத்தில், காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வருகிறார். இந்த தடவை தமிழ் பிடிபடுகிறது. தெருவில் நின்று பேசும் அளவுக்கு. தாம்பரத்தில் அறிஞர்கள் மேடை போட்டு விவாதித்ததை இவர் இங்கே தரையில் உட்கார்ந்து செய்தார். காஞ்சிபுரம் இராமகிருஷ்ண மடத்தில் சாயங்காலங்களில் துறவிகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிப்பு: மாற்றி மாற்றி உபநிஷதமும் யோவான் சுவிசேஷமும். வாக்குவாதம் இருந்திருக்கும், ஆனால் எழுந்து நின்று 'சார்' சொல்கிற ஆள் அங்கே யாரும் இல்லை.

அந்த மடத்தின் கூடத்தில் மகான்களின் படங்கள் வரிசையாக இருந்தன. அதில் இயேசுவும் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று அந்தப் படத்துக்குப் பூஜை. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோமே, 'எங்க வீட்டு பூஜை ரூமில் வேளாங்கண்ணி மாதா படமும் இருக்கு' என்று, அந்த மாதிரி. நியூபிகினுக்கு இது இடித்தது. இயேசுவை ஏற்றுக்கொண்டது போல இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே இருக்கும் அலமாரியில் ஒரு இடம் ஒதுக்கி உட்கார வைத்துவிட்டார்கள் என்று பட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இடம் கொடுப்பதே ஒரு மரியாதைதான் என்று நினைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனால் அவர் அந்த யோசனையை அங்கேயே நிறுத்தவில்லை. ரொம்ப வருஷம் கழித்து அதே கண்ணாடியை இங்கிலாந்துப் பக்கம் திருப்பினார். நாங்களும் இதைத்தானே செய்திருக்கிறோம், எங்கள் நவீன ஐரோப்பிய அலமாரியில் அவரைத் தூக்கி வைத்துவிட்டு அதையே கிறிஸ்தவம் என்று இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்தோம் என்று. அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததே இந்தக் கேள்வியால்தான். 1986-லும் 1989-லும் வந்த இரண்டு முக்கியப் புத்தகங்கள் இதைச் சுற்றித்தான்.

நடுவில் உள்ளதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. சி.எஸ்.ஐ. என்று நாம் சொல்வது. நியூபிகின் 37 வயதில் மதுரை, ராமநாதபுரம் பகுதிக்குப் பேராயர். பிறகு சில வருஷம் வெளிநாட்டில் சபை நிர்வாகம். 1965-லிருந்து 1974 வரை சென்னைப் பேராயர்.

1974-ல் ஓய்வு. பேராயர், வெளிநாட்டுக்காரர், அறுபத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறார், விமானத்தில் போயிருக்கலாம். அவரும் ஹெலனும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பையோடு கிளம்பி, கிடைத்த பஸ்ஸில் ஏறி, தரை வழியாகவே போனார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று சுமார் இரண்டு மாதம். இளமையில் காலை நொறுக்கிய அதே பஸ் பிரயாணம்தான்.

ஊரில் போய் உட்காரவும் இல்லை. பர்மிங்காமில் பாடம் நடத்தினார். எழுபது வயதுக்குப் பிறகு வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், சிறைச்சாலைச் சுவருக்கு எதிரே இருந்த ஒரு சின்ன சபைக்குப் போதகரானார். ஆள் குறைந்து மூடிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்த சபை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். இந்தியாவில் எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு, ஆனால் சொந்த நாட்டின் அலட்சியம் அந்த எதிர்ப்பைவிடக் கஷ்டமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். 1998 ஜனவரியில் லண்டனில் காலமானார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ஏறினேன். செயின்ட் கொலம்பாஸ் பள்ளி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே பசங்க கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் "யாரைப் பார்க்கணும் சார்?" என்றார். யாரையும் இல்லைங்க என்று சொல்லிவிட்டு, எதிரே டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டிக்கு ஸ்டேஷனுக்கு நடந்தேன். முந்தின நாள் நல்ல மழை. ரோட்டோரம் நடந்த என் பேன்ட்டில் முட்டி வரைக்கும் சேறு அடித்துவிட்டு ஒரு கார் போனது.