பெயர் இரண்டு, முதலாளி ஒருவர்

சம்பூரில் சில்லறைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: "நானா, இரண்டு தேயிலை போட்டிருக்கிறேன். ஒன்று வராவிட்டாலும் மற்றது கைகொடுக்கும்." பெக்கற்றுகளைத் திருப்பிப் பார்த்தோம். இரண்டும் ஒரே கம்பனியுடையவை!

இது புதிய விடயமல்ல. இந்தியாவில் புரூக் பாண்டும் லிப்டனும் நீண்டகாலப் போட்டியாளர்கள். லிப்டனை வைத்திருந்த யூனிலீவர் 1984இல் புரூக் பாண்டையும் வாங்கியது. 1993இல் இந்தியாவில் இரண்டும் ஒரே கம்பனியாகின. 1996இல் அதுவும் இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. ஆனால் இரண்டு பெயர்களும் கடைகளில் தொடர்ந்தன.

ஏன்? ஒரு பெயரை நிறுத்தினால் அதைக் கேட்டு வாங்கியவர் வேறு கம்பனிப் பொருளுக்குப் போய்விடலாம். இரண்டும் இருந்தால் எதை எடுத்தாலும் காசு ஒரே பெட்டிக்குத்தான். கடைத் தட்டிலும் இரண்டு இடம் கிடைக்கும்.

நமக்கோ விலை, கழிவு, கடன் தவணை எல்லாம் ஒரே கையில். அந்தக் கம்பனியின் வாகனம் வராத வாரம் இரண்டும் முடிந்துவிடும். வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

ஆகவே, வியாபாரச் சகோதரர்களே, தேயிலையோ, சவர்க்காரமோ, டின் மரக்கறியோ, பின்பக்கத்துச் சிறிய எழுத்தை வாசித்த பின்னரே ஓடர் கொடுங்கள். வேறு கம்பனிச் சரக்கையும் கொஞ்சமாவது வைத்திருங்கள். விலை பேசும்போது அதுதான் நமது பலம்.